தாத்தா படத்துக்கு எந்தத் தாள்?

கம்மாபுரத்திலோ அதைச் சுற்றியிருக்கிற ஊர்களிலோ ஒரு வீட்டில் பெரியவர் இறந்துபோனால், அழுகை கொஞ்சம் அடங்கியதும் எல்லோரும் தேடுவது அவருடைய போட்டோவைத்தான். உயிரோடு இருந்தவரை அவரைத் தனியாக நிற்கவைத்து யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள். ஆதார் அட்டையில் ஒன்று இருக்கும், அதில் அவரை அவர் மனைவிக்கே அடையாளம் தெரியாது. பேத்தியின் காதுகுத்து ஆல்பத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பார், பாதி முகம்தான் தெரியும். கடைசியில் பேங்க் பாஸ்புக்கில் ஒட்டியிருக்கிற பாஸ்போர்ட் சைஸ் படம் கிடைக்கும். பேரன் அதைப் பத்திரமாக உரித்து எடுத்துக்கொண்டு விருத்தாசலத்துக்கு வண்டியை விடுவான். காரியத்துக்குள் படம் சுவரில் ஏறியாக வேண்டும்.

கடையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"கிளாஸியா, மேட்டா தம்பி?"

"எது நல்லா இருக்கும்ணே?"

"கிளாஸிதான் பளிச்சுனு இருக்கும்."

"அதையே போட்டுடுங்கண்ணே."

பத்து வினாடியில் தாள் முடிவாகிவிட்டது! அதற்குப் பிறகு பிரேம் எது, தங்கக்கலரா தேக்குக்கலரா, ஓரத்தில் பூவேலை வேண்டுமா என்று அரை மணி நேரம் பேச்சு நடக்கும். நியாயமாகப் பார்த்தால் நேரத்தை மாற்றிச் செலவழித்திருக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, சாதா தாள் 10 ரூபாய், நல்ல தாள் 60 ரூபாய், பிரேமும் கண்ணாடியும் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு 610 ஆகுமா 660 ஆகுமா என்பதுதான் வித்தியாசம். ஆனால் இரண்டே வருஷத்தில் தாத்தாவின் முகம் ஆரஞ்சு கலரில் தெரிவதற்கும் பேரன் பிள்ளைகள் காலம்வரை அப்படியே இருப்பதற்கும் அந்த 50 ரூபாய் காரணமாகிவிடலாம்.

பிரிண்டர் தாள் என்றால் வெறும் தாள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள விருத்தாசலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பீங்கான் பொம்மை செய்கிற இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சின் சுவரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் மட்டும் சுவரோடு ஒட்டி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மீதிக் கரைசலைக் கவிழ்த்தால் உள்ளே கூடாக பிள்ளையார் நிற்பார். பீங்கான் கொலு பொம்மைகள் பலவும் இப்படிப் பிறந்தவைதான்.

இங்க்ஜெட் போட்டோ தாளும் இதே வேலையைத்தான் செய்கிறது, அச்சு மட்டும் மிக மிக மெல்லியது. தாளின் மேலே சிலிக்கா அல்லது அலுமினா துகள்களை ஒரு பூச்சாகப் பூசியிருப்பார்கள். இரண்டுமே பீங்கான் தொழிலுக்குச் சொந்தக்காரப் பொருட்கள். துகளுக்கும் துகளுக்கும் நடுவில் நுண்ணிய சந்துகள். மைத்துளி விழுந்ததும் தண்ணீர் அந்தச் சந்துகளில் இறங்கிவிடும், நிறம் மேலாகத் தங்கிவிடும். அதனால்தான் பிரிண்டரிலிருந்து வெளியே வரும்போதே கைக்கு ஒட்டாமல் வருகிறது. பூச்சே இல்லாத சாதாரண ஜெராக்ஸ் தாளில் அடித்தால் மை நாருக்குள் ஓடிக் கசிந்து, மீசைக்கும் உதட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம் கனம், போட்டோ தாள் 180 முதல் 300 வரை இருக்கிறது. ஆனால் கனத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். வேலை செய்வது மேல்பூச்சு.

கிளேஸ் போடாத பீங்கானில் நாக்கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், ஈரத்தை அது இழுப்பதால். போட்டோ தாளில் எது அச்சடிக்கும் பக்கம் என்று சந்தேகம் வந்தால், லேசாக ஈரமான விரலை மூலையில் வைத்துப் பார்க்கலாம். ஒட்டுகிற பக்கம்தான் பூச்சுள்ள பக்கம். (நாக்கெல்லாம் வேண்டாம்.)

கடையில் கிடைக்கிற பளபளப்புத் தாள்களில் இரண்டு ஜாதி உண்டு. மலிவானதில் சாதாரணத் தாளின் மேலேயே பூச்சைப் பூசிப் பளபளப்பாக்கியிருப்பார்கள். இதற்குக் காஸ்ட் கோட்டட் என்று பெயர். பின்பக்கம் வெறும் தாள், ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும். இருட்டான இடம் அதிகமுள்ள படம் அடித்தால் தாள் அலையலையாக நெளியும். இன்னொன்று ஆர்சி தாள். நடுவில் தாள், அதற்கு இரண்டு பக்கமும் பாலித்தீன் படலம், அதன்மேல் பூச்சு. பின்பக்கம் தண்ணீர் வைத்தால் முத்தாக நிற்கும். பழைய கலர் லேப் பிரிண்ட்டைத் தொட்டதுபோலவே இருக்கும். பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உண்மையைச் சொல்லிவிடும். மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கிற வீட்டுக்கு முதல் ஜாதி ஆகவே ஆகாது.

ஆர்சி தாள் வாங்கியாகிவிட்டது, நிம்மதியாக இருக்கலாமா என்றால், அங்கேதான் 2000ஆம் வருஷத்துக் கதை ஒன்று குறுக்கே வருகிறது.

அந்த வருஷம் எப்சன் கம்பெனி ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 என்ற பிரிண்டர்களைக் கொண்டுவந்தது. வீட்டிலேயே லேப் தரத்தில் படம், அதன் பளபளப்புத் தாளில் அடித்தால் பத்து வருஷம்போல நிறம் நிற்கும் என்பதுதான் பேச்சு. அமெரிக்காவில் வாங்கினவர்களில் சிலருக்குச் சில வாரங்களிலேயே, சிலருக்கு அதற்கும் முன்பே, படம் ஆரஞ்சாக மாறிவிட்டது. வெயிலே படாத இடத்தில் வைத்த படமும் மாறியது. பத்து வருஷக் கணக்கைச் சோதித்துச் சொன்னவர் ஹென்றி வில்ஹெல்ம், போட்டோ நிலைப்பு ஆராய்ச்சியில் பெரிய பெயர். அவருடைய சோதனை வெளிச்சத்தைப் பார்த்தது, காற்றைப் பார்க்கவில்லை. குற்றவாளி காற்றில் இருந்த ஓசோன். அது மையிலிருந்த நீல நிறத்தை மட்டும் தின்றுவிட்டது. நீலம் போனால் மிச்சம் மஞ்சளும் சிவப்பும்தானே, அதுதான் ஆரஞ்சு. அதே மையை வேறு தாளில் அடித்தவர்களுக்கு இந்த வேகத்தில் கெடவில்லை.

ஏன் என்றால், மையை உடனே உறிஞ்சுகிற அந்த நுண்ணிய சந்துகள் காற்றுக்கும் திறந்தே இருக்கின்றன. எது வசதியோ அதுவே ஆபத்து. கதவே இல்லாத வீடு மாதிரி. இதற்கு மாற்றாக அந்தக் காலத்தில் ஜெலட்டின் மாதிரிப் பூச்சுள்ள தாள்களும் வந்தன. மை விழுந்ததும் அவை உப்பி, நிறத்தை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். காற்றுக்குப் பயமில்லை, ஆனால் காய மணிக்கணக்காகும், ஈரக்கை பட்டால் இழுத்துக்கொண்டு வரும். வேகமாகக் காய்வதுதான் எல்லோருக்கும் பிடித்தது. அதனால் உப்பும் தாள் இப்போது கடைகளில் அரிதாகிவிட்டது.

இதில் மைக்கும் பங்கு உண்டு. மை இரண்டு வகை. ஒன்று சாய மை, டை என்பார்கள், சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல் நிறம் கரைந்திருக்கும். இன்னொன்று பிக்மென்ட், சுண்ணாம்புத் தண்ணீரில் சுண்ணாம்பு போலத் துகளாக மிதக்கும். காற்றோ வெளிச்சமோ துகளின் மேல்தோலைத்தான் முதலில் தாக்க முடியும், உள்ளே இருப்பது தப்பிக்கும். எப்சன் எல் 805, எல் 8050 மாதிரி ஆறு கலர் டேங்க் பிரிண்டர்களில் ஊற்றுவது டை மை. படம் அழகாக வரும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது சுவருக்கு என்று செய்த மை இல்லை, ஆல்பத்துக்குச் சரி. அதிலும் கம்பெனி மையை விட்டுவிட்டு லிட்டர் கணக்கில் வாங்கிய மலிவு மையை ஊற்றியிருந்தால், மேலே சொன்ன ஆரஞ்சுக் கதை நம் ஊர்ச் சுவரிலும் நடக்கலாம். ஸ்டூடியோவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "கிளாஸியா மேட்டா" இல்லை. "டையா பிக்மென்ட்டாண்ணே?" என்று கேட்கலாம். அவர் ஒரு நிமிஷம் முறைத்துப் பார்ப்பார், பரவாயில்லை.

காமர்ஸ் பாடத்தில் தேய்மானம் என்று ஒரு அத்தியாயம் உண்டு. நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று கணக்குப் போடுவார்கள். போட்டோ இரண்டு முறையிலும் அடங்காது. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் மூன்று வேகத்தில் தேயும். மூன்றும் ஒரே வேகத்தில் தேய்ந்தால் முகம் வெளிறும், அவ்வளவுதான், பார்க்கிற கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஒன்று மட்டும் முந்திக்கொண்டு போவதால்தான் முகம் வேறு யாரோ மாதிரி ஆகிவிடுகிறது.

பாக்கெட்டில் "100 வருஷம்" என்று போட்டிருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது? நூறு வருஷம் யாரும் காத்திருந்து பார்க்கவில்லை. பலமான வெளிச்சத்தில் சில மாதங்கள் வைத்து, எவ்வளவு வெளிறுகிறது என்று அளந்து, வீட்டு வெளிச்சத்துக்குப் பெருக்கிச் சொல்கிறார்கள். அந்த "வீட்டு வெளிச்சம்" எவ்வளவு என்பதில்தான் விஷயம். வில்ஹெல்ம் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் என்று கணக்கிட்டார். கோடாக் கம்பெனி 120 லக்ஸ் என்று எடுத்துக்கொண்டது. ஒரே தாள், ஒரே மை, ஆனால் இரண்டாவது கணக்கில் ஆயுள் கிட்டத்தட்ட நாலு மடங்கு! கம்மாபுரம் வீடுகளில் படம் மாட்டுகிற இடம் எது? வாசலில் நுழைந்ததும் தெரிகிற சுவர், இல்லையென்றால் திண்ணைச் சுவர். மத்தியான வெயில் தரையில் பட்டுத் தெறித்து நேராக அங்கேதான் விழும். இரண்டு கம்பெனிக் கணக்கும் அங்கே செல்லாது.

அந்தப் படத்துக்கு முன்னால் நடப்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஜீரோ வாட்ஸ் பல்பு ராத்திரி பகல் எரியும். அமாவாசைக்கு அமாவாசை கற்பூரம், ஊதுபத்தி. விசேஷ நாளில் பூமாலை. மாலையில் தெளித்த தண்ணீர் கண்ணாடி வழியாக வழிந்து பிரேமின் கீழ்ச்சட்டத்தில் போய்த் தங்கும், அங்கிருந்து தாளின் கீழ் ஓரம் குடிக்க ஆரம்பிக்கும். பல வீட்டுப் படங்களில் வேட்டிப் பக்கம் மட்டும் கறை ஏறி முகம் தப்பித்திருப்பது இதனால்தான். இதையெல்லாம் நிறுத்தச் சொல்ல முடியுமா? படம் மாட்டுவதே அதற்காகத்தான். அப்படியென்றால் இதையெல்லாம் தாங்குகிற தாளைத்தான் தேட வேண்டும்.

இங்கேதான் பளபளப்புத் தாளுக்கு எதிராக இன்னொரு காரணமும் வருகிறது. பிரேமில் கண்ணாடி போடப்போகிறோம். கண்ணாடியே பளபளக்கும். உள்ளே இருக்கிற தாளும் பளபளத்து என்ன லாபம்? லாபமில்லை, நஷ்டம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கிளாஸி தாளின் பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் எண்ணெய் பட்டதுபோல ஒரு திட்டு தெரியும், பிறகு அது பெரிதாகும். பிரித்து எடுக்கப் போனால் கன்னத்துத் தோல் கண்ணாடியிலேயே நின்றுவிடும். மேட் தாள் இப்படி ஒட்டுவது குறைவு. எந்தத் தாளாக இருந்தாலும் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டையில் ஓரம் வெட்டி மவுண்ட் வைத்தால் இந்தப் பயம் கிட்டத்தட்ட இல்லை. பிரேம் கடையில் கேட்டால் வைத்துத் தருவார்கள். கேட்காவிட்டால் பின்பக்கம் பழைய நியூஸ் பேப்பரை மடித்துத் திணித்து ஆணி அடித்துவிடுவார்கள், அதுவும் தவறு. நியூஸ் பேப்பர் தானும் மஞ்சளாகி, தொட்டதையும் மஞ்சளாக்கும்.

மேட் தாளுக்கு இன்னொரு நன்மை, பாஸ்புக் படத்திலிருந்து பெரிதாக்குபவர்களுக்கு. 35 மில்லிமீட்டர் அகலப் படத்தை 12 அங்குல அகலத்துக்கு இழுப்பது என்றால் எட்டு மடங்குக்கும் மேலே. அதில் இருக்கிற சீல் மை, கீறல், புள்ளி எல்லாம் எட்டு மடங்காகும். கிளாஸி தாள் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டும். மேட் கொஞ்சம் மன்னிக்கும். கருப்பு அவ்வளவு ஆழமாக இருக்காது என்பது மேட்டின் குறை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை முடி உள்ளவர் படத்தில் அது பெரிய குறையாகத் தெரியாது.

சிலர் பிரேமே வேண்டாம் என்று லேமினேஷன் செய்து பலகையில் ஒட்டி வாங்குகிறார்கள். டை மையில் அடித்த படத்துக்கு இது உண்மையில் கெட்ட யோசனை இல்லை, மேலே மூடிய பிளாஸ்டிக் படலம் காற்றை உள்ளே விடாது. கெட்டது எதுவென்றால் பலகை. மரத்தூள் பலகை ஈரம் குடித்தால் உப்பும், படம் அதோடு சேர்ந்து வெடிக்கும். பிரித்தெடுத்து வேறு பலகையில் ஒட்டவும் வழியில்லை.

இப்போது அடிப்பது. எவ்வளவு நல்ல தாளாக இருந்தாலும் பிரிண்டரில் அதன் பெயரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வீண். பல டேங்க் பிரிண்டர்களில் கருப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. கிளாஸி என்று சொல்லிக்கொடுத்தால் அந்தப் பிக்மென்ட் கருப்பைத் தொடாமல் மூன்று கலரையும் சேர்த்துக் கருப்பு செய்துகொள்ளும். பிளெய்ன் பேப்பர் என்று விட்டுவிட்டால் கிளாஸி தாளின்மேல் அந்தக் கருப்பு மை ஒட்டாமல் நிற்கும், விரலால் தொட்டால் தாத்தாவின் மீசை கன்னத்துக்கு வரும்! தாள் மட்டம் என்று திட்டுகிற பலபேர் இதைத்தான் செய்திருப்பார்கள். அடித்த உடனே பிரேமுக்குள் போடுவதும் கூடாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் மையிலிருக்கிற மற்ற திரவங்கள் ஆற ஒரு நாளாவது ஆகும். அவசரப்பட்டால் கண்ணாடியின் உட்பக்கம் புகை படிந்ததுபோல ஆகிவிடும்.

பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த தாள் ஆலையில் பருத்தித் துணித் துண்டுகளிலிருந்து கையால் தாள் செய்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. அதில் அடிக்கலாமே என்று ஆசை வரும். தாள் நூறு வருஷம் நிற்கக்கூடியது, ஆனால் அச்சுக்கான பூச்சு இல்லாததால் மை பரவிவிடும். அதே பருத்தியில் இங்க்ஜெட் பூச்சும் பூசி விற்பது ஜெர்மனியின் ஹானமூலே. போட்டோ ராக் என்ற அவர்களுடைய தாள் 308 ஜிஎஸ்எம், முழுப் பருத்தி, மேட். விலை அதிகம்தான், ஆனால் பெரிய ஊர்களில் பிக்மென்ட் பிரிண்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரே ஒரு பிரிண்ட் மட்டும் கேட்டு வாங்கலாம். பெட்டியாக வாங்க வேண்டியதில்லை. அது முடியாதவர்களுக்கு அடுத்த வழி, இங்க்ஜெட்டை விட்டுவிட்டு, ரசாயனத்தில் கழுவுகிற கலர் லேபில் மேட் பேப்பரில் போட்டு வாங்குவது. மலிவு மையும் மலிவு தாளும் சேர்ந்த இங்க்ஜெட்டைவிட அது சுவரில் நிச்சயம் நீண்ட நாள் நிற்கும். கடைசி வழிதான் டை மை, ஆர்சி தாள், மவுண்ட், வெயில் படாத சுவர்.

பீங்கான் ஊரில் இருந்துகொண்டு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. படத்தைப் பீங்கானிலேயே சுட்டுவிட்டால் என்ன? முடியும். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பிரான்சில் அதைச் செய்திருக்கிறார்கள். உலோக ஆக்சைடு நிறங்களால் முகத்தை உருவாக்கிச் சூளையில் சுட்டுவிடுவது. ஐரோப்பாவில் கல்லறைகளின்மேல் மழையிலும் வெயிலிலும் இன்றைக்கும் அந்த முகங்கள் அப்படியே இருக்கின்றன. இப்போது கடைகளில் போட்டுத் தருகிற போட்டோ கப் வேறு விஷயம். அதில் கப்பின் மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சு பூசி, அதற்குள் சாயத்தைச் சூட்டில் ஏற்றுகிறார்கள். பீங்கான்மேல் இருந்தாலும் அது பீங்கானோடு சேர்ந்ததில்லை, நிறம் போகும்.

தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் கூரையும் ஓடும் போயின. கூரை போன வீட்டில் எந்தத் தாளும் தப்பாது. அதனால் சுவருக்கு ஒன்று அடிக்கும்போதே இன்னொன்றும் அடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பத்திரம் வைக்கிற பெட்டியில் வெளிச்சம் படாமல் வைத்துவிடலாம். ஸ்டூடியோவில் சரிசெய்த படத்தையும் பென் டிரைவில் கேட்டு வாங்கிவிட வேண்டும், வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அதுவும் சுருங்கிவிடும். உறையின்மேல் பெரியவர் பெயர், அடித்த தேதி, தாளின் பெயர், டையா பிக்மென்ட்டா என்ற நான்கையும் எழுதி வைத்தால் போதும். பத்து வருஷம் கழித்துச் சுவரில் இருப்பதை இறக்கி, பெட்டியில் இருப்பதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு, அடுத்த முறை எந்தத் தாளை வாங்கக் கூடாது என்று தெரிந்துவிடும்.